பச்சைப் புள்ளி விழுந்த வீடு

எங்கள் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள் நேராகப் பெண் வீட்டுக்குள் நுழைந்துவிட மாட்டார்கள். முதலில் யாரையாவது அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். வந்த ஆள் ஏதாவது ஒரு வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்பார். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அடுத்த வீட்டுல ஆளு இல்லையோ?" என்று மெதுவாக ஆரம்பிப்பார். உடனே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்போது என்ன சொல்ல வேண்டும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அப்பன் குடிகாரனாக இருந்தாலும் "தங்கமான குடும்பம்" என்போம். முந்தின நாள்தான் குழாயடியில் அந்த வீட்டுக்காரியும் நாமும் குடத்தைத் தூக்கி அடித்துக்கொண்டிருப்போம். இருந்தாலும் "வாய் அதிர்ந்து பேச மாட்டாவ" என்போம். நாளைக்கு நம் வீட்டைப் பற்றி அவளிடம்தானே கேட்பார்கள்? அவளும் அப்படியே சொல்லுவாள். இதில் ஒருத்தியும் தவறினதில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். வெளி ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இந்த வயதிலும் வராது. யார் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்பதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தேன். இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரி புருஷனை இழந்தவள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். என்னை மைனி என்பாள். ஒரே மகள். இரண்டு பேரும் வீட்டில் பீடி சுற்றுவார்கள். சீசன் வந்துவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போய்விடுவார்கள். ஐந்தருவி ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தாய் பாத்திரம் தேய்ப்பாள், மகள் காய் நறுக்குவாள். அங்கேயே ஒரு ஓரத்தில் படுக்கை. சாரல் நின்று அருவியில் தண்ணீர் குறைந்த பிறகுதான் திரும்புவார்கள். அவர்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. தெருக்கோடியில் இருந்த பொதுக் கழிப்பிடம்தான். சொந்தமாகக் கக்கூஸ் இல்லாத வீடு எங்கள் தெருவில் அது ஒன்றுதான் பாக்கி.

அந்த மகளைப் பண்பொழியில் ஒரு பையனுக்குக் கேட்டிருந்தார்கள். பையனுக்குப் போலீஸில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது, ஆள் அனுப்பி விசாரிக்கப்போகிறார்கள் என்று தெருவில் பேச்சு. என் பேத்திக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரே வயது. அந்தப் பெண் நல்ல நிறம். என் பேத்தி என்னைப் போலக் கறுப்பு. இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது எதுவும் சரியாக விளங்காது.

சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. குடையோடு ஒரு சின்னப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் போன். நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையில் போட்டிருந்தாள். கழுத்தில் ஏதோ அட்டை தொங்கியது. துப்பட்டாவில் பாதி மறைந்திருந்ததால் நான் கவனிக்கவில்லை.

"ஆச்சி, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?"

கொடுத்தேன். குடித்தாள். செம்பைக் கொடுத்துக்கொண்டே, "அடுத்த வீட்டுல ஆளு இல்லையா?" என்றாள்.

பையனுடைய தங்கச்சி என்று முடிவே கட்டிவிட்டேன்.

"குத்தாலத்துக்குப் போயிருக்காவ. சீசன்லா? தங்கமான குடும்பம்."

அவள் சிரித்தாள். "எத்தனை பேரு இருக்காங்க?"

"தாயும் மவளும்தான். வேற பிக்கல் பிடுங்கல் கெடையாது."

"கேஸ் இருக்கா?"

"இருக்கு."

"குழாய்?"

"வீட்டுக்குள்ளேயே இருக்கு."

"கக்கூஸ்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். இப்போதெல்லாம் மாப்பிள்ளை வீட்டில் நகைக்கு அடுத்தபடியாக அதைத்தான் கேட்கிறார்கள்.

"அதெல்லாம் இருக்கு. பின்னால கட்டியிருக்காவ."

"மழைத்தண்ணி சேக்கிற குழி?"

இது எதற்கு என்று கொஞ்சம் யோசனை வந்தது. ஆனாலும், "இருக்கு" என்றேன். அப்புறம் குப்பையை இரண்டாகப் பிரித்துப் போடுவார்களா என்றாள். பிரிப்பாவ என்றேன். மரம் இருக்கிறதா என்றாள். முருங்கை நிக்கி, எலுமிச்சை நிக்கி என்றேன். முருங்கை உண்மை. அவள் கேட்டதற்கெல்லாம் கட்டைவிரலால் போனைத் தட்டிக்கொண்டே வந்தாள். பொறுப்பான குடும்பம், எழுதி எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன்.

"சரி ஆச்சி, அந்த வீடு முடிஞ்சுது. இப்ப உங்க வீடு சொல்லுங்க. டோர் நம்பர் என்ன?"

அப்போதுதான் அட்டையைப் பார்த்தேன். ஊர் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கு எடுக்கப் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த இடத்திலேயே, "எம்மா, நான் வேற நினைச்சுச் சொல்லிட்டேன், அந்த வீட்டுல கக்கூஸ் கெடையாது" என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி. வாய் வரவில்லை. பொய்க்காரி என்று நினைப்பாளே என்று வெட்கம்.

எங்கள் கக்கூஸைப் படம் எடுக்கப் பின்பக்கம் போனாள். பட்டாளத்தில் இருக்கும் என் மகன் லீவில் வந்தபோது கட்டியது. அவனே நீலப் பெயிண்ட் அடித்த தகரக் கதவு. கீழே ஒரு மூலை துருப்பிடித்து வளைந்திருக்கும். கதவைச் சாத்தி ஒரு படம் எடுத்தாள். திறந்து இன்னொரு படம் எடுத்தாள்.

"சாத்துனது உங்களுக்கு. தொறந்தது அடுத்த வீட்டுக்கு. போட்டோ இல்லாம இந்தப் போன் அடுத்த வீட்டுக்குப் போக விடமாட்டேங்கு ஆச்சி. அந்த வீடு பூட்டிக் கிடக்கு. இன்னும் எத்தனை தெரு நான் நடக்கணும் தெரியுமா? கக்கூஸ்னா எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கும்?"

"ஆமா" என்றேன்.

அவள் போன பிறகு மனது உறுத்தியதா என்றால், பெரிதாக இல்லை. யாரோ எதையோ எழுதிக்கொண்டு போகிறார்கள், எத்தனை முறை பார்த்திருக்கிறோம், அதனால் என்ன ஆகிவிட்டது?

ஆனால் இந்த முறை ஆனது. சாரல் முடிவதற்குள் தெரு முனையில் பெரிய போர்டு வைத்தார்கள். இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் கழிப்பறை உண்டு என்று போட்டிருந்தது. மறுவாரம் பொதுக் கழிப்பிடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அதன் சுவரில் பெயிண்டர் ஒருவர் வந்து மூன்று நாள் நின்று பொங்கிக் கொட்டுகிற அருவிப் படம் வரைந்தார். நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

புரட்டாசி பிறந்ததும் தாயும் மகளும் திரும்பினார்கள். வந்த அன்றே தாய் தெருக்கோடி வரை போய், சுவரில் இருந்த அருவியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்ன மைனி, பூட்டிட்டானுவ?"

"ஆமா, பூட்டிட்டாவ" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போனாள். கக்கூஸ் கட்ட அரசாங்கம் உதவுகிறதே, அதை எழுதிக் கேட்கலாம் என்று போயிருக்கிறாள். உனக்குத்தான் இருக்கிறதே என்று கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். மத்தியானம் நேராக என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"மைனி, எங்க வீட்டுல கேஸ் இருக்காம். குழாய் இருக்காம். எலுமிச்சை மரம் வேற நிக்காம். தெருவுலயே நான்தான் பெரிய ஆளு. கக்கூஸ் படம்கூடப் போட்டிருக்கான். நீலக் கதவு. கீழ மூலையில துருப் பிடிச்சிருக்கு."

நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் பண்பொழிக்காரவன்னு நெனச்சுட்டேன்" என்றேன் கடைசியில்.

அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நல்ல மனசுலதான் சொல்லியிருக்கிய. சரி, விடுங்க. நாளைக்கு என்கூட ஆபீசுக்கு வாங்க. நான் தெரியாமச் சொல்லிட்டேன், அவளுக்குக் கெடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். அதுவரைக்கும் உங்க பின்வாசலைத் தொறந்து விடுங்க. பொம்பளப்பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

திறந்துவிட்டேன். மறுநாள் போகலாம் என்றது அடுத்த வாரம் போகலாம் என்று ஆனது. எனக்குத் தலைவலி, எனக்கு முழங்கால், இன்றைக்கு அஷ்டமி. பத்து நாள் அவர்கள் இரண்டு பேரும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, கழுவி விட்டுவிட்டுத்தான் போனார்கள். பதினோராம் நாள் என் மருமகள் நீலக் கதவில் பூட்டுப் போட்டாள்.

"என்னட்டி இது?" என்றேன்.

"பொதுக் கக்கூஸத்தான் அடைச்சாச்சே, இங்க எதுக்கு இன்னொண்ணு? தொட்டி நெறைஞ்சா யாரு அள்ளுவா, நீங்களா? ஊருக்குத் தாராளம் பண்ணணும்னா உங்க அப்பா வீட்டுல போய்ப் பண்ணுங்க அத்தே."

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் போகும்போதும் அவளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றாயிற்று. அந்தப் பெண் வாளியோடு வந்து, பூட்டைப் பார்த்து, வாளியோடு திரும்பிப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஜன்னலைச் சாத்தினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரி வந்தாள். பூட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நாளைக்கு ஆபீசு" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் கிளம்பும்போது மருமகள் என்னைத் தனியாக அழைத்தாள்.

"போங்க. ஆனா ஒண்ணு. நம்ம பிள்ளைக்கு ராயகிரிப் பக்கம் வரன் பேசுதோம். இந்த நேரத்துல நம்ம வீட்டுமேல பொய்யி, புகாருன்னு ஏதாவது எழுதுனானுவன்னா, உங்க மவனுக்கு நான் போன் போட வேண்டியிருக்கும்."

ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். எங்களை உட்காரச் சொன்னார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் எங்கள் தெரு படமாக இருந்தது. வீட்டுக்கு ஒரு புள்ளி. எல்லாம் பச்சை.

"இருந்தா பச்சை, இல்லைனா சிவப்பு. பாருங்க, ஒரு சிவப்பு இல்ல. இப்படி ஒவ்வொரு தெருவையும் சேத்துத்தான் நம்ம ஊரு மத்த ஊரைவிட எப்படின்னு மேல பாக்கிறாங்க. சிவப்பைப் பச்சையாக்கணுமா, நானே இங்க உக்காந்து ஆக்கிருவேன். பச்சையைச் சிவப்பாக்க எனக்கு அதிகாரம் கிடையாது. கணக்கு எடுத்தப்ப இருந்தது இப்ப எப்படி இல்லாமப் போச்சுன்னு விளக்கம் கேப்பாங்க. கக்கூஸ் என்ன, நடந்தா போகும்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஏதேதோ வேலையாக வந்திருந்த ஆண்கள், ஐந்தாறு பேர்.

"சார், கட்டவே இல்லாதது எப்படிப் போவும்?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. "படத்துல உள்ளது இவிய கக்கூஸ். இவியதான் தெரியாமச் சொல்லிட்டாவ. கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "அப்படியா ஆச்சி? அப்படின்னா ரெண்டு வீட்டையும் மறுபடி சோதிக்கணும். தப்பான தகவல் குடுத்தீங்கன்னு உங்ககிட்ட எழுதி வாங்கணும். அதுவரைக்கும் உங்க வீட்டுப் பச்சையும் நிறுத்தி வைப்போம். யோசிச்சுச் சொல்லுங்க. அவங்க வீட்டுல கக்கூஸ் இருக்கா, இல்லையா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த ஆண்கள், அவர், அவள். எழுதி வாங்குவார்கள். என் கையெழுத்துக் கோணலாக இருக்கும். வரன் பேசுகிறார்கள். எனக்கு இப்படியெல்லாம் யோசனை ஓடியது என்று இப்போது சொல்கிறேன். அப்போது ஓடியதா என்று தெரியாது. எப்படியாவது அங்கிருந்து எழுந்து போனால் போதும் என்று இருந்தது.

"இருக்கு" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க ஆச்சி."

"இருக்குய்யா."

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "பெரியவங்க பொய் சொல்லுவாங்களாம்மா? போங்க, போய் வேலையப் பாருங்க" என்றார் அவளிடம்.

வீடு வரைக்கும் அவள் முன்னால் நடந்தாள். நான் பத்தடி பின்னால். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். தெரு முனைப் போர்டு வந்ததும் நின்றாள்.

"உங்களுக்குக் கையி காலு விழுந்து, பீத்துணி மாத்த ஆளில்லாமக் கெடக்கணும் மைனி. அப்ப நான் வந்து மாத்துவேன். அதுக்காவது நான் இருக்கணும்" என்றாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

தாயும் மகளும் வெள்ளென எழுந்து கால்வாய்க் கரைக்குப் போகத் தொடங்கினார்கள். அதைத் தடுப்பதற்கென்று ஆபீஸில் ஒரு கூட்டத்தை விட்டிருந்தார்கள். சட்டைக்கு மேல் பளபளக்கிற பனியன், கழுத்தில் விசில். யாரும் வெளியே உட்காரவில்லை என்பதையும் கணக்கில் காட்ட வேண்டுமே. கிழக்கே வெளுக்கும் நேரம், ஒரு நாள் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி நின்று விசில் ஊதினார்கள். அவள் எழுந்து ஓடினாள். கரை ஈரம். சரிந்து விழுந்து சேற்றோடு உருண்டாள். ஊதினவர்கள் சிரித்துக்கொண்டே ஊதினார்கள். ஒருவன் படம் எடுத்தான்.

காப்பி குடிக்கிற நேரத்துக்குள் அந்தப் படம் எங்கள் தெருப் போன்களுக்கெல்லாம் வந்துவிட்டது. மருமகள் என்னிடம் காட்டினாள். முகம் தெரியவில்லை. மஞ்சள் சுடிதார் தெரிந்தது. அது யாருடையது என்று தெருவுக்கே தெரியும்.

"கக்கூஸ் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கால்வாய்க் கரையில என்ன சோலின்னு கேக்காவ" என்றாள் மருமகள். "யாரு வரச் சொல்லியிருந்தாவளோ, என்னமோன்னும் பேசுதாவ."

வாயைப் பொத்தட்டி என்று நான் சொல்லவில்லை. இன்னும் ஒன்று உண்டு. அந்தப் படத்தை நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நிறமான பிள்ளை, சேற்றில் எப்படி இருக்கிறாள் என்று பார்த்தேன்.

பண்பொழிக்காரர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொருந்தின ஜாதகம். அதற்குப் பிறகு அந்தப் பெண் பகலில் வெளியே வருவதில்லை. மத்தியானத்துக்கு மேல் தண்ணீரும் குடிப்பதில்லை என்று தெருவில் சொன்னார்கள். வயிற்று வலி என்று இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள் தாய். திரும்பி வரும்போது பிள்ளை தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எங்கள் வாசலைக் கடக்கும்போது இரண்டு பேரும் தலையைத் திருப்பவில்லை.

தை பிறந்து ராயகிரியிலிருந்து என் பேத்தியை விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர். வருகிறார்கள் என்று எங்களுக்கு முன்பே துப்புக் கிடைத்திருந்தது. மருமகள் நெய் விட்டுக் கேசரி கிண்டி வைத்திருந்தாள். பேத்தி பட்டுத் துணி உடுத்தியிருந்தாள். எப்படியும் விசாரித்துவிட்டு வீட்டுக்குள் வருவார்கள்.

அவர்கள் போய் நின்றது அடுத்த வீட்டு வாசலில். நான் நடுச்சுவரை ஒட்டி நின்றேன். அவள் பீடி சுற்றுகிற தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்து எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் கொடுத்தாள்.

"அடுத்த வீட்டைப் பத்தி..." என்று ஆரம்பித்தாள் வந்தவள்.

"தங்கமான குடும்பம்" என்றாள் இவள்.

எனக்கு மூச்சு வந்தது.

"ஆச்சி வாய் அதிர்ந்து பேச மாட்டாவ. மருமவ ரொம்பச் சுத்தம், எதையும் பூட்டித்தான் வைப்பா. கேஸ் இருக்கு, குழாய் இருக்கு, கக்கூஸ் இருக்கு. நீலக் கதவு."

"உங்க வீட்டுலயும் எல்லாம் இருக்கும்லா?" என்றாள் வந்தவள், மரியாதைக்கு.

"எனக்கா? எனக்கு ஆபீசுல இருக்கு."

"புரியலையே."

"வீட்டுல கெடையாது. எனக்குக் கக்கூஸ் இருக்குன்னு அந்த ஆச்சி சொன்னாவ, ஆபீசுல எழுதிக்கிட்டான். எலுமிச்சை மரமும் எனக்கு உண்டு. நான்தான் இன்னும் கண்ணால பாக்கல." சிரித்தாள். அன்றைக்கு என் வாசலில் நின்று சிரித்த அதே சிரிப்பு. "அவிய இருக்குன்னு சொன்னா நம்பலாம். கேட்டதுக்கெல்லாம் இருக்குன்னுதான் சொல்லுவாவ. பிள்ளைக்கு எத்தனை பவுன் போடுவியன்னு கேளுங்க, இருக்கும்பாவ. பிள்ளைக்கு நோய்நொடி ஏதும் கெடையாதேன்னு கேளுங்க, அதுக்கும் தலையாட்டுவாவ."

செம்பு கை மாறியது. புருஷன் தொண்டையைக் கனைத்தான். "வெயில் ஏறுது, போவமா?" என்றான். செருப்புச் சத்தம் தெருவில் இறங்கியது. எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. பஸ் போகிற ரோட்டைப் பார்த்து, போர்டைத் தாண்டி, போய்க்கொண்டே இருந்தது. அவள் மறுபடியும் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இலை கத்தரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

உள்ளேயிருந்து மருமகள் குரல் வந்தது.

"யத்தே, விசாரிச்சு முடிச்சிட்டாவளா? கேசரி ஆறுது. வாராவளா?"

நான் சுவரை விட்டு விலகி முற்றத்துக்கு வந்தேன். பேத்தி பட்டுச்சேலையில் கதவோரம் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"வாராவ" என்றேன்.